அச்சமும் நம்பிக்கையும்: கண்டித் தேர்தற் களத்தின் வரலாறு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றாக அச்சத்தை வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு பொருள்பற்றி அவ்வச்சம் பிறக்கும் என்பது அவர் வகுத்த இலக்கணம். முடியுடை மன்னர் ஆண்ட காலத்துக்கு இவ்வரையறை முற்றும் பொருந்துவதே. தெய்வமும் காட்டு விலங்கும் கள்வனும் காவலனுமே அன்றைய மனிதனை நடுங்கச் செய்தன. குடியாட்சி தோன்றிய பின்னர் இந்நான்கோடு ஐந்தாவதொன்று வந்து சேர்ந்தது. அஃது அயலான்பற்றிய அச்சம். அயலானிடம் வாளில்லை, வேலில்லை, ஒரு வாக்குச்சீட்டே உண்டு. ஆயினும் அச்சீட்டு எண்ணப்படும் என்னும் எண்ணமே பலருக்கு அச்சமூட்டப் போதியதாயிற்று. இவ்வைந்தாம் அச்சம் எங்ஙனம் பிறந்தது, தேர்தற் களத்தில் எங்ஙனம் பயன்பட்டது, அதனை நம்பிக்கை எப்பொழுது வென்றது, எப்பொழுது வெல்லத் தவறியது என்பவற்றை ஆராய்வதற்குக் கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த மலைநாடும் மிகத் தக்க களமாகும்.

அச்சம் வெல்லுமா, நம்பிக்கை வெல்லுமா என்னும் வினாவை அமெரிக்க ஐக்கிய நாட்டு அறிஞர் எண்ணிக்கையாலேயே ஆராய முயன்றுள்ளனர். ஹரல்ட் சுலோ, மார்ட்டின் செலிக்மன் என்னும் உளநூலறிஞர் இருவர், 1900 முதல் 1984 வரை நடைபெற்ற 22 சனாதிபதித் தேர்தல்களில் இரு பெருங்கட்சி வேட்பாளரும் கட்சி நியமனத்தை ஏற்று ஆற்றிய உரைகளை எடுத்து ஆராய்ந்தனர். தீங்கையே நினைந்து நினைந்து வருந்தும் போக்கு எவர் உரையிற் குறைந்திருந்தது என அவர்கள் அளந்தனர். 22 தேர்தல்களுள் 18இல் அப்போக்குக் குறைந்தவரே வெற்றி பெற்றிருந்தார்.

தனித்தனித் தேர்தல்களும் இதற்குச் சான்று தருவன. 1932இல் பொருளாதாரம் சீர்குலைந்து கிடந்த வேளையில், தம் எதிரியின் கொள்கை வென்றால் நகர வீதிகளிற் புல் முளைக்கும் என ஹூவர் எச்சரித்தார். முகமலர்ச்சியோடு புதிய வாழ்வுபற்றிப் பேசிய ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 42ஐக் கைக்கொண்டார். 1984இல் விடியற் காலையின் அமைதியைத் தம் விளம்பரங்களிற் காட்டிய ரேகன் 50 மாநிலங்களுள் 49இல் வென்றார். ஆயினும் அச்சம் எப்பொழுதும் தோற்பதன்று. 1964 செப்டெம்பரில், மலரின் இதழ்களை எண்ணிக் கிள்ளும் சிறுமியையும் அடுத்து வெடிக்கும் அணுகுண்டையும் ஒருங்கே காட்டிய விளம்பரம் ஒன்றை ஜோன்சன் கட்சியினர் ஒருமுறையே விலைகொடுத்து ஒளிபரப்பினர். நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று. ஜோன்சன் பெருவெற்றி பெற்றார்.

இவ்வமெரிக்க ஆராய்ச்சி, பேசுபவன் நாளையை எங்ஙனம் காண்கிறான் என்பதை மாத்திரம் அளக்கின்றது. அவன் காணும் நாளை எவருடைய நாளை, அவன் அஞ்சச் சொல்வது எவரை என்பவற்றை அஃது அளப்பதில்லை. கண்டியின் வரலாற்றை நோக்குங்கால் இவ்விரண்டாம் வினாவே முதன்மை பெறுகின்றது.

அச்சத்தின் வேர்

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி அரசவை மண்டபமாகிய மகுல் மடுவவிற் படித்தறிவிக்கப்பட்ட உடன்படிக்கையினால் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வயமாயிற்று. 1818இற் கிளர்ந்தெழுந்த மக்கள் கொடுமையாக அடக்கப்பட்டனர். 1833இல் கோல்புறூக் சீர்திருத்தங்களின் விளைவாகக் கண்டிப் பிரதேசத்தின் தனியாட்சி முறை நீங்கி, தீவு முழுதும் ஓராட்சியின்கீழ் வந்தது. ஏழாண்டுகள் கழிந்து, 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் உறுதி காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவெனக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிருக்கும் கால்நடை மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊர்ப்பொதுவாயிருந்த மேட்டுநிலங்கள் கோப்பித் தோட்டங்களாக விற்கப்பட்டன. 1848இற் கண்டியிலும் மாத்தளையிலும் எழுந்த கலகம் அடக்கப்பட்டது, நிலம் மீளவில்லை.

அதே மலைகளுக்குத் தென்னிந்தியாவினின்றும் தமிழ்த் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். மன்னாரிற் கரையேறிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவருட் பலர் வழியிலேயே மடிந்தனர். 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். அதே ஆண்டிற் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1869இற் கோப்பிச் செடியைப் பற்றிய நோய் அப்பயிரை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆதலின் வந்தவர் திரும்பிச் செல்லாது லயங்களிலே குடும்பமாக வாழ்வாராயினர்.

இங்ஙனம் மலைச்சரிவில் லயமும் பள்ளத்திற் கிராமமுமாக இரு வறிய கூட்டத்தார் அண்மையில் வாழ்ந்தும் அயலாராயே இருந்தனர். கிராமத்தான் நிலத்தை இழந்தவன். லயத்தான் ஊரையே இழந்தவன். கிராமத்தானின் நிலத்தைப் பறித்தது முடியின் சட்டமும் துரைமாரின் முதலும் ஆகும். ஆனால் சட்டம் அவன் கண்ணுக்குத் தோன்றவில்லை. துரையோ எட்டாத உயரத்திலிருந்தான். நாடோறும் அவன் கண்ணிற் பட்டவன் தமிழ்த் தொழிலாளியே. 1949இல் நியமிக்கப்பட்டு 1951இல் அறிக்கை வெளியிட்ட கண்டிக் குடியானவர் ஆணைக்குழு, அம்மக்களின் நிலமின்மையையும் வறுமையையும் விரிவாக எடுத்துரைத்தது. ஆகவே கண்டியரின் துயரம் கற்பனையன்று. துயரம் உண்மை; அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டவனே பிழை. பின்னெழுந்த அச்சப் பிரசாரம் யாவும் இப்பிழையின்மீதே கட்டப்பட்டன.

ஒரே நகரின் இரு குரல்கள்

1927 நவம்பரில் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் நால்வர் கொண்ட ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அக்காலத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோர் மக்கட்டொகையில் நூற்றுக்கு நால்வர் என்னும் அளவினரே. கல்வியும் பொருளும் உடைய ஆடவரே அவர்.

ஆணைக்குழுவின் முன் கண்டியிலிருந்து எழுந்த குரல்களுள் ஒன்று கண்டித் தேசிய சபையினுடையது. கரைநாட்டுச் சிங்களத் தலைவர்மீது நம்பிக்கையிழந்து 1925இல் இச்சபை எழுந்தது. தீவை மூன்று தன்னாட்சிப் பகுதிகளாக்கி, கண்டியர்க்கு ஒன்றும் வடக்குக் கிழக்குத் தமிழர்க்கு ஒன்றும் கரைநாட்டுச் சிங்களவர்க்கு ஒன்றுமாக வகுத்து, சமஷ்டியாக இணைக்கவேண்டும் என அது கேட்டது. கரைநாட்டார் வணிகத்தாலும் கல்வியாலும், தோட்டத் தொழிலாளர் எண்ணிக்கையாலும் தம்மை அமிழ்த்திவிடுவர் என்பதே இச்சபையார் கொண்ட அச்சம்.

மற்றைக் குரல் ஒரு பெண்மணியினுடையது. கண்டிச் சட்டத்தரணி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவியார் ஆக்னிஸ் டி சில்வா, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் ஆணைக்குழுவின் முன் சாட்சியளித்தார். பறங்கியர் குலத்திற் பிறந்து சிங்களவரை மணந்தவர் அவர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என டொனமூர்ப் பிரபு வினவினார். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்று அம்மையார் தயங்காது விடையிறுத்தார்.

இவ்விடையின் அருமை அக்காலச் சூழலை நோக்கினாலன்றி விளங்காது. சர்வசன வாக்குரிமையை அஞ்சினவர் கண்டித் தலைவர் மாத்திரமல்லர். கரைநாட்டுப் பெருமக்கள் பலரும் அதனை விரும்பவில்லை. கல்விப் பணியால் தமிழர் போற்றும் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அதனை எதிர்த்தார். அச்சம் ஓரினத்துக்கோ ஒரு பிரதேசத்துக்கோ உரியதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆணைக்குழு தன் 1928ஆம் ஆண்டு அறிக்கையிற் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தது. தோட்டத் தொழிலாளர் வாக்குப்பற்றிய அச்சம் உடனே கிளர்ந்தது. அதனைத் தணிப்பதற்காகத் தேசாதிபதி ஸ்டான்லி, நிலையான குடியிருப்பை நிறுவவேண்டும் என்பது முதலான கட்டுப்பாடுகளை விதிக்கச் செய்தார். அதன் பின்னரும் 1929ஆம் ஆண்டின் இறுதியில் 19 வாக்குகள் ஆதரவாகவும் 17 எதிராகவும் விழவே, சட்டநிரூபண சபையில் அச்சீர்திருத்தம் மயிரிழையில் நிறைவேறிற்று.

லயத்துக்கு வந்த நம்பிக்கை

1931இல் நடைபெற்ற முதலாம் அரசாங்க சபைத் தேர்தலிலே ஏறத்தாழ ஓரிலட்சம் இந்திய வமிசாவளியினர் வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றனர். ஹட்டன் தொகுதியிற் பெரி. சுந்தரம் தெரிவாகி அமைச்சருமானார். 1936இல் அத்தொகுதியைக் கோ. நடேசய்யர் பெற்றார். நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தோட்டந்தோறும் கூட்டங்கள் நடத்தினர். அம்மையார் தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கிப் பாடினார். எழுத்தறியாத மக்களிடம் துண்டுப்பிரசுரத்தினும் பாட்டே விரைந்து சென்றது. துரையும் கங்காணியும் அன்றி வேறு அதிகாரத்தை அறியாதிருந்தவர்க்கு, தாமும் ஒருவரை ஆட்சிமன்றுக்கு அனுப்பலாம் என்னும் எண்ணமே பெரிய நம்பிக்கையாயிற்று.

1937 ஏப்பிரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்திற் பிறேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் மேடையேறினார். மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் சின்னத்துரையாயிருந்தவர் அவர். தோட்டத் துரைமாரின் கொடுமைகளைத் தொழிலாளர் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். அவரை நாடு கடத்துமாறு தேசாதிபதி ஆணையிட்டார். நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. அச்சம் இப்பொழுது துரைமார் பக்கத்தில் இருந்தது. மூன்றாண்டுகளின் பின், 1940 சனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டையைச் சார்ந்த முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். லயத்தில் எழுந்த நம்பிக்கை உயிரை விலையாகக் கொடுத்து வளர்ந்தது.

1939 சூலையில் நேருவின் வருகையை ஒட்டித் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஏழு தொகுதிகளை வென்றது. நுவரெலியாவிற் சௌ. தொண்டமானும் தலவாக்கொல்லையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியிற் கே. இராசலிங்கமும் தெரிவாயினர். வேறு பல மலைநாட்டுத் தொகுதிகளிலும் தொழிலாளர் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணை நின்றது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 தொகுதிகளுட் கிடைத்தவை 42 மாத்திரமே.

தலை எண்ணப்பட்டது, வாக்கு எண்ணப்படவில்லை

1948 பெப்ரவரி 4ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தவர் என நிறுவுமாறு, பிறப்புப் பதிவு அரிதாயிருந்த ஒரு மக்கட் கூட்டத்தை இச்சட்டம் கேட்டது. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரசைகள் அல்லாதார் வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கப்பட்டனர். இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்கீழ் எட்டிலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரசாவுரிமை வேண்டி மனுச் செய்தனர். ஏறத்தாழ ஆறிலொரு பங்கினருக்கே அது கிடைத்தது. தமிழ்த் தலைவர்களும் இவ்விடயத்திற் பிளவுண்டனர், சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரிற் சமஷ்டிக் கட்சியைத் தோற்றுவித்தார்.

1952ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது தொழிலாளர் கொழும்பிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். நூறு நாட்களுக்கு மேல் அது நீடித்தும் பயன் விளையவில்லை. அத்தேர்தலுக்குரிய தொகுதிகள் தொழிலாளரையும் சேர்த்து முன்னரே வகுக்கப்பட்டவை. ஆதலால் மலைநாட்டிற்குரிய ஆசனங்களின் தொகை குறையவில்லை; அவ்வாசனங்களை நிரப்பும் உரிமை மாத்திரம் எஞ்சியவர் கைக்குச் சென்றது. தொழிலாளரின் தலை எண்ணப்பட்டது, வாக்கு எண்ணப்படவில்லை.

இலங்கைத் தேர்தற் பேச்சின் இயல்பையே இம்மாற்றம் திருப்பிவிட்டது. வாக்குடைய ஒருவனை மேடையிற் பழித்தால் அவன் தேர்தலன்று விடையிறுப்பான். ஆதலால் பேசுபவன் தன் சொல்லை அளந்து பேசுவான். வாக்கற்றவனைப் பழித்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அச்சம் செலவற்ற சரக்காயிற்று.

அமெரிக்காவின் தென்மாநிலங்களும் இதனையே காட்டுவன. கறுப்பின மக்கள் வாக்களிக்க இயலாதபடி தடுக்கப்பட்ட காலத்தில், அலபாமா ஆளுநர் ஜோர்ஜ் வாலஸ் 1963இல் இனப்பிரிவினை என்றும் நிலைக்கவேண்டும் எனப் பதவியேற்புரையிலேயே முழங்கினார். 1965இன் வாக்குரிமைச் சட்டத்தாற் கறுப்பின மக்கள் இடாப்பில் ஏறிய பின், 1982இல் அதே வாலஸ் பழைய செயலுக்கு வருந்தி அவர்கள் ஆதரவை வேண்டி நின்றார். அவர்கள் வாக்கையும் பெற்று வென்றார். மனமாற்றம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிதல் அரிது. இடாப்பு மாறியபோது பேச்சும் மாறியது என்பது தெளிவு.

தலதா மாளிகை நோக்கிய நடை

1956ஆம் ஆண்டுத் தேர்தல் இலங்கை வரலாற்றில் நம்பிக்கைப் பிரசாரத்தின் உச்சம் எனலாம். புத்த சயந்தி ஆண்டில், பிக்கு, வைத்தியர், ஆசிரியர், குடியானவர், தொழிலாளர் என்னும் ஐம்பெருஞ் சக்திகளின் ஆட்சி வருமென எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா முழங்கினார். ஆங்கிலம் அறியாத கிராமத்தவர் தம் மொழியில் அரசோடு பேசலாம் என்னும் வாக்குறுதி மெய்யான ஒரு குறையைத் தீர்க்க எழுந்தது. அவர் முன்னணி 51 இடங்களைப் பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சி எட்டாகச் சுருங்கிற்று. அமெரிக்க அறிஞரின் அளவுகோலை வைத்தால் இது நம்பிக்கையின் வெற்றியே. ஆயின் தமிழுக்கு அந்நம்பிக்கையில் இடமிருக்கவில்லை. தனிச்சிங்களச் சட்டத்தை ஒருவருக்குமேல் ஒருவராக இரு பெருங்கட்சியினரும் வாக்களித்தபோது, மலைநாட்டுத் தொகுதிகளில் அவர்களைத் தடுத்து நிறுத்தக்கூடிய தமிழ் வாக்குப் பெரும்பாலும் நீக்கப்பட்டிருந்தது.

1957 சூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அக்டோபர் தொடக்கத்தில், அவ்வொப்பந்தம் நாட்டைத் துண்டாடும் எனக் கூறி, ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சியினர் கொழும்பிலிருந்து கண்டித் தலதா மாளிகையை நோக்கி நடைப்பயணம் தொடங்கினர். இம்புல்கொடையில் அது மறிக்கப்பட்டது. நடை நின்றது, அச்சம் நிற்கவில்லை. 1958 ஏப்பிரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் நாடு இனக்கலவரத்தில் மூழ்கிற்று.

இந்நிகழ்ச்சியில் உறைந்துள்ள முரண்பாடு எண்ணத்தக்கது. சமஷ்டி என்னும் சொல்லை அஞ்சி எந்நகரை நோக்கி நடந்தனரோ, அந்நகரின் தலைவர்களே முப்பதாண்டுகளின் முன் சமஷ்டியைக் கேட்டவர்கள். ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்ட பண்டாரநாயக்காவும் 1926இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்று சமஷ்டியே இலங்கைக்கு ஏற்றது எனப் பேசியவர். சொல் மாறவில்லை, அதனை எவர் எவரைக் காட்டி அச்சுறுத்தினர் என்பதே மாறிற்று. தேர்தல் அச்சத்துக்குக் கொள்கை வேர் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வாக்குறுதியும் விளக்கும்

நம்பிக்கைப் பிரசாரத்துக்கும் தனிக்குற்றம் ஒன்றுண்டு. அது கடனாகப் பெறப்படுவது. 1966இறுதியில் வாராந்தப் பங்கீட்டு அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. குறைந்ததை மீளத் தருவோம் எனக் கூறி 1970இல் ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. நிலமுமின்றி வாக்குமின்றிக் கூலியையே நம்பியிருந்த தோட்ட மக்களை அது கொன்றது. 1977 சூலையில், நீதியான சமுதாயம் படைப்போம் என்ற ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களுள் 140ஐப் பெற்றது. அத்தேர்தலிலேயே தொண்டமான் முப்பதாண்டுகளின் பின் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியில் மக்கள் வாக்கால் மீளத் தெரிவானார். ஒரு திங்கள் கழிவதற்குள் எழுந்த இனக்கலவரம் மலைநாட்டு லயங்களையும் எரித்தது. புதிய நம்பிக்கை பழைய அச்சத்தை அகற்றாமலே ஆட்சியேறியிருந்தது.

1982 டிசம்பர் 22ஆம் நாட் சர்வசன வாக்கெடுப்பு இன்னொரு பாடத்தைத் தந்தது. பொதுத்தேர்தலை நடத்தாது பாராளுமன்றத்தின் காலத்தை ஆறாண்டு நீடிக்கலாமா என்பது வினா. நீடிப்புக்கு விளக்கும் மறுப்புக்குக் குடமும் சின்னங்களாக வழங்கப்பட்டன. விளக்கு நம்பிக்கையின் குறி. ஆனால் அதற்காக எடுத்துரைக்கப்பட்ட நியாயம், தீவிரவாதிகள் நாட்டைக் கைப்பற்றச் சதி செய்கின்றனர் என்னும் அச்சமே. நூற்றுக்கு 54 பேருக்கு மேல் விளக்குக்கு வாக்களித்தனர். அடுத்த ஆண்டு சூலையில் வந்த இருள் அனைவரும் அறிந்ததே.

இடாப்பு மீண்டும் திறந்தபோது

1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோர் நிலை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாற் படிப்படியாகத் தீர்க்கப்பட்டது. இவற்றுள் 1988ஆம் ஆண்டுச் சட்டம் வந்த காலம் நோக்கத்தக்கது. அவ்வாண்டு டிசம்பர் 19ஆம் நாள் சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. நாடு முழுதும் ஒரே தொகுதியாகும் அத்தேர்தலிற் பாதிக்கு மேற்பட்ட வாக்குப் பெறுதல் வேண்டும். தொண்டமானின் ஆதரவோடு போட்டியிட்ட ஆர். பிரேமதாசா பெற்றது நூற்றுக்கு 50.43. அத்தகைய நெருக்கடியில் ஒவ்வொரு லயத்து வாக்கும் விலைமதிப்புடையதாயிற்று. அன்றுமுதல் கண்டியிலும் நுவரெலியாவிலும் மேடையேறும் தலைவர் எவரும் தோட்ட மக்களுக்கு வீடும் நிலமும் ஊதியமும்பற்றி ஏதேனும் ஒரு நம்பிக்கை கூறாது இறங்குவதில்லை. அவற்றுட் பல நிறைவேறவில்லை என்பது உண்மை. எனினும் அச்சப்பொருளாயிருந்தவர் நம்பிக்கை கூறப்படுபவராக மாறியது சிறிய மாற்றமன்று.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வாக்குரிமை மாத்திரமே அச்சப் பிரசாரத்தைத் தடுக்குமாயின், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் தெல்தெனியாவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டமை எங்ஙனம்? அவர்கள் வாக்குடையவரே. இம்மறுப்பு வலிமையுடையது. சிறுபான்மையின் வாக்கு இல்லாமலே வெல்லலாம் என ஒரு கட்சி கணக்கிடுமாயின், வாக்குடையவரும் வாக்கற்றவர்போல் ஆகிவிடுகின்றனர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் நடந்த சனாதிபதித் தேர்தல் பாதுகாப்பு அச்சத்தின் நிழலிலேயே நடைபெற்றது. 2022இல் அவ்வாட்சி மக்கள் எழுச்சியால் வீழ்ந்தது. 2024இல் மாற்றம் என்னும் சொல் வென்றது. அம்மாற்றம் எவரெவரை உள்ளடக்கும் என்பதே அதற்கும் உரிய அளவுகோல்.

ஆகவே வாக்கின் கணக்கு அச்சத்தை அடக்கும், ஆனால் வேரறுக்காது. வேரறுப்பதற்குக் கணக்கைக் கடந்த ஒன்று வேண்டும். அது கண்டியில் ஒருகால் தோன்றியது. ஆக்னிஸ் அம்மையார் டொனமூர்ப் பிரபுவுக்கு விடையிறுத்தபோது அவருக்கே வாக்கில்லை; அவர் எவருக்காகப் பேசினாரோ அத்தோட்டப் பெண்களுக்கும் வாக்கில்லை. அவ்விடையால் அவர் பெறக்கூடிய ஆதாயம் யாதுமில்லை. தம் வேண்டுகோளுக்கு ஊறு நேரலாம் என்பதை அறியாதவரும் அல்லர். கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நிற்கும் பெண்ணையும் தம்மோடு ஒருத்தியாக அவர் எண்ணினார். தேர்தல் தோறும் எழும் நம்பிக்கைச் சொற்களை அந்த விடையோடு வைத்து நிறுத்துப் பார்க்கும் பழக்கம் மாணவர்க்கு வருமாயின், கண்டியின் வரலாறு கற்றதற்குப் பயன் அதுவே.